வெண்பனியைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? – கேள்வி பதில்

தக்கலை, ஆசிரியை: மழைத்துளி உறைந்ததுதான் பனி என்று சொல்லலாமா சார்?

பதில்: வேண்டாம் டீச்சர். துளி உறைந்தால் உருண்டைதான் கிடைக்கும். வெண்பனியின் தொடக்கம் மட்டுமே தூசியில் உறைந்த ஒரு நுண்துளி. மீதியெல்லாம் நீராவி தண்ணீராகாமல் நேரே அதன்மேல் படிந்து வளர்ந்தது. உறையும்போது நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்கின்றன. நீட்டி நிற்கும் மூலைக்கு நீராவி அதிகம் கிடைப்பதால் அங்கேதான் கிளை விடும். மைனஸ் 15 டிகிரியை ஒட்டி நட்சத்திரம், மைனஸ் 5-ஐ ஒட்டி ஊசி. ஜப்பானில் இயற்பியலாளர் நகாயா உகிச்சிரோ 1936-இல் இதை ஆய்வகத்திலேயே வளர்த்துக் காட்டினார். முதலில் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பை லென்ஸில் காட்டுங்கள். அது கனசதுரம், பனி அறுகோணம். வேறுபாடு உடனே பிடிபடும்.

குளச்சல்: வகுப்பில் செய்து காட்ட?

பதில்: மீனுக்குப் போடும் ஐஸ் போதும். நொறுக்கியது மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. தனிப் பாத்திரத்தில் கிளறி, மைனஸ் 10-க்குக் கீழே இறங்கியபின் ஈரமில்லாத சில்வர் டம்ளரில் கொட்டுங்கள். டம்ளரிலேயே கலந்தால் நம் கடலோரக் காற்றில் வெளிப்புறம் முதலில் வேர்த்து, அந்தத் தண்ணீர் கண்ணாடிபோல் உறையும். நமக்கு வேண்டியது, ஆவி நேரே டம்ளரின் வெளிப்புறத்தில் படிந்து பூக்கும் வெள்ளைப் பூ. உப்பு ஐஸைக் கையால் தொட விடாதீர்கள், தோல் புண்ணாகும்.

மார்த்தாண்டம்: டிரை ஐஸ்?

பதில்: வேண்டாம். அது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி. மூடிய பாட்டிலில் போட்டால் வெடிக்கும்.

நாகர்கோவில்: மார்கழியில் புல்லில் கிடப்பதும் பனிதானே? வேறு பெயர் எதற்கு?

குலசேகரம்: முன்பனி, பின்பனி என்று பருவத்துக்கே பெயர் வைத்திருக்கிறோம். பனி நம்முடையது, வானத்திலிருந்து விழுவதற்குத்தான் வேறு சொல் வேண்டும்.

நாகர்கோவில்: இமயத்தில் விழுவதையும் பனி என்றுதான் எழுதுகிறார்கள்!

பதில்: வழக்கில் இரண்டும் சரி. வகுப்பில் மட்டும் பிரித்தே சொல்லுங்கள். ஆவி தண்ணீராகப் புல்லில் படிந்தால் பனித்துளி. உறைநிலைக்குக் கீழான புல்லில் நேரே படிகமானால் உறைபனி. ஊட்டியில் புல் வெளுப்பது இதுதான். மேகத்துக்குள்ளேயே படிகமாகி விழுந்தால் வெண்பனி. ஒரே ஆவி, மூன்று வழி. குலசேகரத்தார் சொல்வதில் ஒரு நன்மை உண்டு: பிள்ளைகள் கண்ட மார்கழிப் பனியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

பூதப்பாண்டி: காகிதத்தில் வெட்டினால் எட்டு மூலை வருகிறதே?

பதில்: மூன்று தடவையும் பாதிபாதியாக மடித்திருப்பீர்கள். வட்டத்தைப் பாதியாக்கி, அரைவட்டத்தை மூன்று சம பங்காக மடியுங்கள். ஒவ்வொன்றும் 60 டிகிரி. பிறகு இன்னொரு பாதி. எட்டு மூலைப் பனியைச் சுவரில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

கருங்கல்: மழைத்துளி உறைந்தால் பனிதானே?

பதில்: தக்கலை டீச்சருக்குச் சொன்னதை வாசியுங்கள்.

கொட்டாரம்: உப்பு ஐஸைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. மரக்கரண்டியால் கிளறட்டும்.