நான்கு பேர் மேசையில் ஒயரை யார் சொருகுவது?

கேள்வி: என் மகள் மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். லேப்பில் நான்கு பேருக்கு ஒரு மேசை. கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று இவளை ரீடிங் எழுத மட்டும் உட்காரவைத்து விடுகிறார்கள். ரெக்கார்டுக்கு முழு மதிப்பெண் வருகிறது. ஒரு சர்க்யூட்டும் தனியாகப் போட வராது என்கிறாள். பணம் கட்டி வெளியே பயிற்சியில் சேர்க்கலாமா?
– ஒரு தாய், மேலூர்

பதில்: பயிற்சி இப்போதைக்கு வேண்டாம் அம்மா. குறையை மகளே வாய்விட்டுச் சொல்கிறாள். நிறையப் பேர் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் கேட்கும்வரை அதை உணர்வதில்லை.

சர்க்யூட் வேலை செய்யாமல் முழிக்கும் அரைமணி நேரத்தில்தான் லேப் பாடமே நடக்கிறது. நான் படிக்கும்போது ஒரு மதியம் முழுக்க ஆம்ப்ளிஃபயரில் அவுட்புட் வரவில்லை. டிரான்சிஸ்டரை மூன்று முறை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், பிரெட்போர்டின் (ஒயர் சொருகிச் சர்க்யூட் போடும் துளைப் பலகையின்) ஓரத்து வரிசை நடுவில் தொடர்பில்லாமல் இருந்தது. சில போர்டுகள் அப்படித்தான். எந்தப் புத்தகமும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

இன்னொன்று. பிசி 547 டிரான்சிஸ்டரின் கெயின், அதாவது கரண்டை எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, 110 முதல் 800 வரை எங்கேயும் இருக்கலாம். கெயின் மாறினாலும் சர்க்யூட் அதிகம் மாறாமலிருக்கத்தான் அதன் பேஸ் காலுக்கு இரண்டு ரெசிஸ்டர், எமிட்டர் காலுக்கு ஒன்று என்று பாடத்தில் போடச் சொல்கிறார்கள் என்பது, டிரான்சிஸ்டரைக் கழற்றி வேறொன்றைச் சொருகிப் பார்த்தவளுக்குத்தான் புரியும். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுபவளுக்குப் புரியாது.

ஆகவே, வாரம் ஒருவர் ஒயர் சொருகுவது என்று நால்வரும் பேசிவைத்துக்கொள்ளட்டும். ஒத்துவராவிட்டால் லேப் ஆசிரியரிடம் கேட்கட்டும். பெரும்பாலும் மறுக்க மாட்டார். வரவேண்டிய ரீடிங்கை முதல் நாளே கணக்கிட்டு அப்சர்வேஷன் நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு போகட்டும். தப்பாக வந்த ரீடிங்கையும் அழிக்காமல் பக்கத்திலேயே எழுதட்டும்.

வீட்டுக்கு ஒரு பிரெட்போர்டு, சாதாரண மல்டிமீட்டர், 9 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் ரெசிஸ்டர், எல்இடி போதும். டவுன்ஹால் ரோடு பக்கம் கடைகளில் விசாரிக்கலாம். சிவப்பு எல்இடியோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் பேட்டரியில் இணைத்தால் கணக்குப்படி சுமார் 7 மில்லி ஆம்பியர் வரவேண்டும். அளந்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். தங்கக் கோடு போட்ட (5 சதவீதம் கூடக் குறைய இருக்கும்) 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 950 முதல் 1050 ஓம் வரை இருக்கலாமே! பேட்டரியும் சரியாக 9 வோல்ட்டில் நிற்காது. எவ்வளவு வித்தியாசம், எதனால் என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

வீட்டு பிளக் பாயின்ட் பக்கம் மட்டும் போக வேண்டாம். மல்டிமீட்டரைக் கரண்ட் அளக்கும் நிலையில் வைத்து நேராகப் பேட்டரியில் தொட்டால் உள்ளே ஃபியூஸ் போய்விடும். எல்லோரும் ஒரு தடவை செய்வதுதான். ஃபியூஸ் இரண்டைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.