கடுகின் தங்கச்சியும் சுண்டெலியும்

அன்புள்ள ஐயா,

கடுகுக் குடும்பத்துக் களைச்செடியான அராபிடாப்சிஸுக்குச் சுண்டெலியைவிட மரபணுக்கள் அதிகம் என்றும், ஓடி ஒளிய முடியாத செடிக்கு அத்தனையும் தேவை என்றும் போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் எலியைவிடக் களை உயர்ந்த உயிரா? என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

செல்வி

அன்புள்ள செல்வி,

எண்ணிக்கை சரிதான். புரதம் செய்யும் மரபணுக்கள் செடிக்குச் சுமார் 27,000, சுண்டெலிக்கு 22,000 சொச்சம். காரணம் சொன்ன இடத்தில்தான் அவசரப்பட்டுவிட்டேன். இந்தச் செடியின் முன்னோர்களில் மொத்த டிஎன்ஏவும் ஒரு தடவைக்கு மேல் இரட்டித்திருக்கிறது. அப்புறம் நிறைய உதிர்ந்துபோனாலும், தங்கிவிட்ட நகல்கள் கணக்கை ஏற்றிவிட்டன. எலியோ ஒரே மரபணுவின் செய்தியைப் பலவிதமாக வெட்டி ஒட்டி, வெவ்வேறு புரதங்கள் செய்துகொள்வதில் கைதேர்ந்தது. டிஎன்ஏவின் நீளத்தைப் பார்த்தால் செடிக்கு 13.5 கோடி எழுத்து, எலிக்கு 270 கோடி. அதை வைத்து எலி இருபது மடங்கு உசத்தி என்றும் சொல்ல முடியாதே!

எது உசத்தி என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, இரண்டும் உறவு என்று காட்டும் கிரிப்டோகுரோம் கதையைச் சொல்லுங்கள். நீல ஒளியை உணரும் இந்தப் புரதத்தின் மரபணு 1993இல் அராபிடாப்சிஸில்தான் முதலில் பிடிபட்டது. பிறகு எலியிலும் அதன் உறவுக்காரர்கள் இரண்டு பேர் அகப்பட்டார்கள். எலிக்கு அவை உடல் கடிகாரத்தின் உறுப்புகள். இரண்டையும் நீக்கிய எலியை முழு இருட்டில் வைத்தால், எப்போது சக்கரத்தில் ஓடுவது, எப்போது தூங்குவது என்ற ஒழுங்கே போய்விடுகிறது.

ஆனாலும் 'ஓட முடியாது' என்பதை முழுக்க வாபஸ் வாங்க மாட்டேன். உங்கள் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கடுகையே பாருங்கள். முழுசாக விழுங்கினால் காரம் தெரியாது. தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும். காரத்தின் மூலப்பொருளும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. பல் பட்டால்தான் இரண்டும் சேரும். ஓட முடியாத அராபிடாப்சிஸின் இலையிலும், தின்ன வருவதை விரட்ட இதே ஏற்பாடுதான்.

சரி, வகுப்பில் ஒரு சோதனை செய்யலாம். பச்சைக் கடுகு கொஞ்சம், எண்ணெயில் வெடிக்கவிட்டது கொஞ்சம், இரண்டையும் தனித்தனியே தண்ணீர் விட்டு அரைத்து, ஆளுக்கு ஒரு துளி நாக்கில் வையுங்கள். வெடித்த கடுகு ஏன் காரமாக இல்லை என்று அவர்களே கேட்பார்கள். சூட்டில் நொதி செத்துவிட்டது என்பதை உடனே சொல்லிவிடாதீர்கள்.