முதுகில் ஊற்றிய உண்ணி மருந்து பாலுக்கு வருமா?

கேள்வி: பினாங்கு நிபோங் திபால் பக்கம் 11 எல்.ஐ.டி. (உள்ளூர் இந்தியக் கறவை இன) மாடுகள் வைத்திருக்கிறேன், 6 கறவையில் உள்ளன. உண்ணித் தொல்லை அதிகம். ஐவர்மெக்டின் ஊசி மருந்து கையில் இருந்தது. ஊசி போடப் பழக்கமில்லாததால் மாட்டுக்கு 6 மில்லி அளந்து எட்டு மாடுகளுக்கு முதுகில் ஊற்றினேன். அன்று மாலையே மழை. 10 நாளாகியும் உண்ணி குறையவில்லை. அளவைக் கூட்டி மறுபடி ஊற்றலாமா? தோலுக்கு மேல்தானே ஊற்றினேன், பாலுக்கு ஒன்றும் வராதே? தைப்பூசத்துக்குப் பால்குடப் பால் கேட்டிருக்கிறார்கள்.

பதில்: ஐயா, முதலில் பாலைப் பார்ப்போம், அதுதான் அவசரம். மருந்து பட்ட மாடுகளின் பாலை இப்போது யாருக்கும் கொடுக்காதீர்கள். ஐவர்மெக்டின் கொழுப்பில் கரையும் மருந்து. தோல் வழியாக ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து மடிக்கு வந்து பாலின் கொழுப்போடு வெளியேறும். அப்படி வருவது வாரக்கணக்கில் நீடிக்கும். பாலைக் காய்ச்சினாலும் மருந்து அழியாது. மனிதர் குடிக்கப் பால் கறக்கும் மாட்டுக்கு இந்த மருந்துக்குப் பல நாடுகளில் அனுமதி இல்லை. அதனால் எத்தனை நாள் பாலை ஒதுக்குவது என்று லேபிளிலும் இல்லாமல் இருக்கலாம். உங்கள் மாவட்டக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் மருந்தின் பெயர், ஊற்றிய தேதி, அளவு, மாட்டின் காது எண் எல்லாம் சொல்லி, எப்போது பால் விற்கலாம் என்று கேளுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் பால்குடப் பாலை இந்த முறை வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

மருந்து ஊற்றாத மற்ற மாடுகளின் பாலையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். மாடுகள் தங்களையும் பக்கத்து மாட்டையும் நக்கும். ஐவர்மெக்டினை முதுகில் ஊற்றினால் அதில் கணிசமான பங்கு நாக்கு வழியாகவே உள்ளே போகிறது. ஒரே கொட்டகையில் சேர்த்துக் கட்டியிருந்தால் அலுவலகத்தில் அதையும் சொல்லுங்கள்.

இனி, மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு வருவோம். தோலின் மேல்பகுதி உயிரற்ற செல்கள் அடுக்கடுக்காக ஒட்டிய ஒரு படலம். அடுக்குகளுக்கு நடுவே கொழுப்பு இருக்கிறது. தண்ணீரில் கரையும் பொருள் அந்தக் கொழுப்பைத் தாண்டுவது கடினம், கொழுப்பில் கரைவது மெல்ல ஊடுருவும். மூலக்கூறு பெரிதாக இருந்தால் இன்னும் தாமதம். ஐவர்மெக்டின் பெரிய மூலக்கூறு, எடை 870-க்கு மேல். பொதுவாக 500-க்குக் குறைந்தவைதான் தோலைச் சுலபமாகக் கடக்கும். அதனால்தான் முதுகில் ஊற்றவென்றே தயாரிக்கும் மருந்தில், தோலின் எண்ணெயோடு கலந்து மயிர்க்கால் வரை பரவும் கரைப்பான் சேர்க்கிறார்கள். ஊசி மருந்தின் கரைப்பான் வேறு. அது தோலில் பரவாமல் மயிரில் நின்று, மழை வந்ததும் வழிந்துவிடும்.

அளவும் போதவில்லை. ஊசி மருந்தில் 1 மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும், 50 கிலோ எடைக்கு 1 மில்லி. முதுகு மருந்தில் 1 மில்லியில் 5 மில்லிகிராம், 10 கிலோவுக்கு 1 மில்லி. 300 கிலோ மாட்டுக்கு ஊசி வழியே 60 மில்லிகிராம் போதும், முதுகில் என்றால் 150 வேண்டும். ஊற்றுவதில் கொஞ்சம்தான் ரத்தத்தைச் சேரும் என்பதால்தான் இந்த வித்தியாசம். நீங்கள் ஊற்றியது 60, அதிலும் மழை கழுவியது போக மிச்சம். உண்ணியைக் கொல்லாத அரைகுறை அளவு, மருந்தைத் தாங்கும் உண்ணிகளைத்தான் வளர்த்துவிடும். அதற்காக அளவைக் கூட்டி ஊற்றாதீர்கள். மருந்தே மாற வேண்டும். முதுகு மருந்தை ஊசியில் ஏற்றுவதும் கூடாது, அதன் கரைப்பான் சதையைப் புண்ணாக்கும்.

கறவை மாட்டுக்கு எப்ரினோமெக்டின் கேட்டுப் பாருங்கள். அதே குடும்பத்து மருந்துதான், ஆனால் பாலுக்கு மிகக் குறைவாகவே போகும். முதுகில் ஊற்றும் வகைக்குப் பல நாடுகளில் பால் ஒதுக்கும் காலமே இல்லை. வாங்கும் குப்பியின் லேபிளில் கறவை மாடு என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அளவு 10 கிலோவுக்கு 1 மில்லி.

எடையைக் கண்ணால் மதிக்காதீர்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி நாடாவால் அளங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை நீளம் பாருங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 160, நீளம் 130 என்றால் ஏறக்குறைய 307 கிலோ, மருந்து 31 மில்லி.

ஊற்றும்போது திமில் பக்கத்திலிருந்து வால் அடி வரை முதுகெலும்பை ஒட்டி ஒரே கோடாக, மெல்ல. ஒரே இடத்தில் கொட்டினால் வழிந்து தரைக்குப் போகும். சேறு, சாணம் ஒட்டியிருந்தால் முந்தின நாளே கழுவிக் காயவிடுங்கள். புண், சொறி உள்ள இடத்தில் ஊற்றாதீர்கள். மேல்படலம் உடைந்த இடத்தில் மருந்து கட்டுப்பாடில்லாமல் உள்ளே போகும். ஈரத் தோலிலும் வேண்டாம், ஊற்றி 2 மணி நேரமாவது மழை படக்கூடாது. நம் பக்கம் பிற்பகல் மழை வழக்கம், ஆகவே காலையிலேயே முடித்துவிடுங்கள்.

மறுநாளே உண்ணி உதிரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மருந்து ரத்தத்தில் ஏறச் சில நாள் ஆகும், உண்ணி அந்த ரத்தத்தைக் குடித்தால்தான் சாகும். நம் மாட்டு உண்ணி மூன்று வாரம் போல ஒரே மாட்டில் வளர்ந்து, கீழே விழுந்து முட்டையிடும். புல்லில் காத்திருக்கும் குஞ்சுகள் மறுபடி ஏறும். அதனால் எல்லா மாடுகளுக்கும் ஒரே நாளில் போட்டு, லேபிள் சொல்லும் இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். காதுக்குள், அலைதாடி மடிப்பில், மடிக்கும் தொடைக்கும் இடையில் வாரம் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

மடி நோய்க்குக் காம்பில் ஏற்றும் மருந்திலும் இதே கவனம் வேண்டும். ஒரு காம்பில் ஏற்றினாலும் மடித்திசு அதை உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கும், மற்ற மூன்று காம்புப் பாலிலும் அது வரலாம். நான்கு காம்புப் பாலையும் சேர்த்தே கொட்ட வேண்டும்.

உங்கள் தோலையும் பாருங்கள். வியர்த்து, சூடேறிய தோல் மருந்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை போடுங்கள். சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நனைந்த கால்சட்டையோடு வேலையை முடிக்கலாம் என்று நிற்காதீர்கள். மீதி மருந்தையும் குப்பியையும் வாய்க்காலில் கழுவவே கூடாது, இந்த மருந்துக் குடும்பம் மீனுக்குக் கடும் விஷம்.