வீட்டில் சமைப்பவருக்குக் கையால் அடித்த கத்தி அவசியமா, வீண் செலவா?

அவசியம்தான். "ஒரு கத்திக்கு இவ்வளவு காசா?" என்று உங்கள் வீட்டில் யாரோ கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. என்னையும் கேட்டார்கள்.

முப்பது வருடம் அரிவாள்மனையில் உட்கார்ந்து அரிந்தவள் நான். முழங்கால் வலி வந்து நின்று நறுக்கத் தொடங்கிய புதிதில், கடையில் வாங்கிய மழுங்கல் கத்தி பரங்கிக்காய்த் தோலில் வழுக்கி விரலில் ஏறியது. 4 தையல். அப்போது ஜப்பானில், ஒசாகாவில் வேலை பார்த்த என் தம்பி, பக்கத்தில் இருக்கும் சாக்காய் ஊரிலிருந்து ஒரு சாந்தோக்கு கத்தி வாங்கி வந்தான். அந்த ஊரில் இரும்பை அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் வேறொருவர், பிடி போடுபவர் இன்னொருவர். சாந்தோக்கு வீட்டுச் சமையலுக்கென்றே வந்த வடிவம். என்னுடையது ஆறரை அங்குலம். ஓட்டல்காரர்களின் பத்து அங்குலக் கத்தியை நம் சமையல் மேடையில் திருப்பவே இடம் இருக்காது. தக்காளித் தோலில் வைத்த உடனே இறங்கியது. ஜப்பான் மோகம் என்று யாரும் எழுத வேண்டாம், தையல் போட்ட விரல் என்னுடையது.

கார்பன் எஃகு என்பதால் வாழைக்காய், எலுமிச்சை பட்டால் கறுக்கும். ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். உடனே துடைத்தால் போதும். ஆனால் அலகு மெலிது, கடினமானது, எலும்பில் போட்டால் விளிம்பு உடையும். விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர் அதை வைத்துத் தேங்காய் உடைத்துவிட்டார். பல் விழுந்த கத்தியை ஒரு பட்டறையில் கொடுத்தேன். மின்சாரக் கல்லில் தண்ணீர் தொடாமல் பொறி பறக்கத் தேய்த்தார்கள். விளிம்பு நீலம் பாய்ந்து திரும்பி வந்தது. அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விடும், அப்புறம் கூர் நிற்காது. அன்று நான் அழுதேன்.

மிதி சக்கரத்தோடு தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்திருந்தால் இவ்வளவு சூடு ஏறியிருக்காது. எங்கள் குடியிருப்பில் அவரை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள். சங்கக் கூட்டத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டேன், பாதுகாப்பு என்கிறார்கள். பார்சல் கொண்டு வருபவர்கள் நாள் முழுக்க வந்து போகிறார்களே, வயதான ஒரு தொழிலாளியால் மட்டும் என்ன ஆபத்து? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, கத்திக்கு வருகிறேன். இப்போது புழங்குவது அம்மா ஊர்க் கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. ஆசாரி முதலில் ஒரு மரக்கட்டையைப் பிடிக்கச் சொல்லி என் உள்ளங்கை அகலத்தைக் குறித்துக்கொண்டார். "உங்களுக்குப் பிடி ஒல்லியா இருக்கணும்மா, இல்லேன்னா மணிக்கட்டு வலிக்கும்" என்றார். 700 ரூபாய். தம்பி கொடுத்ததைவிடத் தடிமன், கூரும் சீக்கிரம் குறையும். வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்த சாணைக்கல்லில் நானே பத்து நிமிடம் தீட்டிக்கொள்கிறேன். மணிக்கட்டு வலி இல்லை.

நீங்களும் அடிக்கச் சொன்னால், ஆசாரி கேட்கும் முன்பணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். உலைக்குக் கரி வாங்க அவருக்கு அந்தக் காசுதான்.