முதலிடம் வந்தும் மேலே போகாத அணிகள்

அன்புள்ள சார்,

போன மாதக் குறிப்பு ஒன்றில் ரஷ்யக் கால்பந்தின் கீழ்நிலை லீக்குகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சைபீரியப் பக்கம் லீக்கில் முதலிடம் வந்த அணி, மேல் டிவிஷனுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே இருந்துவிடுவது உண்டு என்று. பிளஸ் டூ படிக்கும் என் மகனிடம் காட்டினேன். "வேண்டாம்னு சொல்றதுக்கு எதுக்கு ஜெயிக்கணும்?" என்கிறான். இது பயமா, இல்லை உள்ளே ஏதாவது காசு விவகாரமா? அப்புறம், யாரும் பார்க்காத லீக்கை நீங்கள் எதற்குப் பார்க்கிறீர்கள்? அவனும் ஒரு அணியைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் எதைச் சொல்வீர்கள்?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

காசு விவகாரம்தான். ஆனால் மேசைக்கு அடியில் கைமாறுகிற காசு இல்லை, விமான டிக்கெட் காசு. (பேசிவைத்து ஆடுவது பற்றிய புகாரும் அங்கே பழைய கதைதான், ஆனால் இந்த விஷயத்துக்கு அதை இழுக்கத் தேவையில்லை.)

ரஷ்யாவில் மேலே 16 அணிகளின் பிரீமியர் லீக், அதற்குக் கீழே முதல் லீக். இரண்டுமே நாடு முழுக்க ஒரே பட்டியல். அதற்கும் கீழே இரண்டாவது லீக் என்று வரும்போதுதான் நாட்டைத் துண்டு போடுகிறார்கள். பல ஆண்டுகள் மேற்கு, மத்தி, தெற்கு, உரால்-வோல்கா, கிழக்கு என்று ஐந்து மண்டலங்கள் இருந்தன. முதல் நான்கில் பெரும்பாலும் பஸ்ஸிலோ ரயிலிலோ போய் ஆடிவிட்டு வந்துவிடலாம். கிழக்கு மண்டலம் மட்டும் பேருக்குத்தான் மண்டலம். ஓம்ஸ்க், பர்னவுல், இர்குட்ஸ்க், சிடா, அமூர் ஆற்றங்கரையில் கொம்சோமோல்ஸ்க், ஒரு காலத்தில் யாகுட்ஸ்க், கடைசியாகப் பசிபிக் ஓரத்தில் சகாலின் தீவு. ஓம்ஸ்கில் காலை 10 மணி என்றால் சகாலினில் மாலை 3 மணி. இவ்வளவும் சேர்ந்து ஒரு 'பிராந்திய' லீக்!

அணிகளும் குறைவு என்பதால் ஒரே எதிரியை ஒரு சீசனில் மூன்று முறை, சில சீசன்களில் நான்கு முறை கூடச் சந்தித்தாக வேண்டியிருந்தது. வெளியூர் ஆட்டங்களை இரண்டிரண்டாகக் கோத்துத்தான் அட்டவணை போடுவார்கள். இர்குட்ஸ்கில் ஒன்று, சில நாள் கழித்து சிடாவில் இன்னொன்று. நடுவில் டிரான்ஸ்-சைபீரியன் ரயில் பாதையில் ஆயிரம் கிலோமீட்டர் இருக்கிறது, அந்த மண்டலத்தில் அது பக்கத்து ஊர். தங்குவது, சாப்பாடு, இருபது பேருக்கு டிக்கெட் என்று கணக்குப் போட்டால் சீசன் முழுக்கப் பயணச் செலவுதான் முன்னால் நிற்கும். வீரர்கள் சம்பளம் கூட அதற்கு அப்புறம்தான் பேச்சுக்கு வரும் என்று தோன்றுகிறது.

இப்போது இப்படி ஒரு அணி முதலிடம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனால் நாடு முழுக்க ஆட வேண்டும். சகாலின் அணிக்கு இது நடந்தது. 2013-14 சீசனில் கிழக்கு மண்டலத்தை ஜெயித்து, சரி வருகிறோம் என்று முதல் லீக்குக்குப் போனார்கள். 18 அணிகள், 34 ஆட்டங்கள், அதில் 17 வெளியூரில். தீவிலிருந்து ரயில் கிடையாது, 17-க்கும் விமானம்தான். பக்கத்தில் இருந்த எதிரிகள் என்றால் கபரோவ்ஸ்க்கும் விளாடிவஸ்தோக்கும், அவையே கடலுக்கு அந்தப் பக்கம். அதே லீக்கில் போலந்துக்குப் பக்கத்தில் இருக்கும் கலினின்கிராட் அணியும் இருந்தது, நேர வித்தியாசம் 8 மணி. அங்கே போய்ச் சேரும் வீரனுக்கு உடம்பு நள்ளிரவு என்று சொல்லும், ரெஃப்ரி விசில் ஊதுவார். ஒரே சீசனில் கீழே வந்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு இர்குட்ஸ்கின் பைகால் அணி ஜெயித்தது. அவர்களும் மேலே போனார்கள், ஒரு சீசனில் இறங்கினார்கள், அதோடு கிளப்பையே மூடிவிட்டார்கள். 2020-இல் ஓம்ஸ்கின் இர்திஷ் ஏறியது, 2021-இல் இறங்கியது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு ஊர் நிர்வாகி, தன் அணி முதலிடத்தில் இருக்கும்போது என்ன நினைப்பார்? யானையைப் பரிசாகக் கொடுக்கிறார்கள், கட்டித் தீனி போடுவது யார்? மறுப்பவர்களைப் பயந்தாங்கொள்ளி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டும் ஊரில் ஒரு அணி இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர் செய்கிற வேலை அது. உங்கள் மகனிடம், ஆடுகிறவன் ஜெயிக்கத்தான் ஆடுகிறான், வேண்டாம் என்பது கணக்குப் பிள்ளை என்று சொல்லுங்கள்.

தீனி போடுவது யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: அந்தப் பிராந்தியத்தின் அரசுக் கஜானா. டிக்கெட் விற்றோ டிவி உரிமையிலோ அங்கே யாரும் பிழைப்பதில்லை. கவர்னருக்குக் கால்பந்து பிடித்தால் கிளப் இருக்கும். அடுத்து வருபவருக்கு ஹாக்கி பிடித்தால், இல்லை மருத்துவமனைக்குக் கூரை போட வேண்டியிருந்தால், கிளப் இருக்காது. மருத்துவமனைக் கூரைதான் முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் இதனால் நடக்கிற கூத்துகளைப் பாருங்கள். சரான்ஸ்க்கில் 2018 உலகக் கோப்பைக்காக 40,000 பேருக்கும் மேல் உட்காரும் மைதானம் கட்டினார்கள், அதில் நான்கு ஆட்டங்கள் நடந்தன. 2020-இல் அந்த ஊர் கிளப் மொர்டோவியா மூடப்பட்டது. அதே சமயம் தம்போவ் அணி பிரீமியர் லீக் வரை ஏறியிருந்தது, ஆனால் அவர்கள் ஊர் மைதானம் அந்த லீக்கின் விதிகளுக்குத் தேறவில்லை. எனவே கிளப் இல்லாத சரான்ஸ்க் மைதானத்தில், மைதானம் இல்லாத தம்போவ் 'சொந்த ஊர்' ஆட்டம் ஆடியது. 2021-இல் கடைசி இடம், அந்த அணியும் கலைந்தது. டோஸ்னோ என்ற கிளப்பின் கதை இன்னும் மோசம். 2018 மே 9 அன்று ரஷ்யக் கோப்பையை ஜெயித்தார்கள், அதே மாதம் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள், ஜூனில் கிளப்பே இல்லை.

கீழ் லீக்குகளில் இது சீசன் நடுவிலேயே நடக்கும். சீசனின் பாதி ஆட்டங்களை ஆடி முடிக்கும் முன் ஒரு அணி விலகினால் அதுவரை ஆடியதெல்லாம் ரத்து. பாதிக்கு மேல் என்றால் மீதமுள்ள எதிரிகளுக்கெல்லாம் 3-0 வெற்றி. பட்டியலில் அந்தக் கட்டங்களில் கோல் கணக்குக்குப் பதில் ஒரு கூட்டல் குறி, ஒரு கழித்தல் குறி மட்டும் போட்டிருப்பார்கள். ஆகஸ்ட் வரை எண்களாக வரும் அந்த அணியின் வரிசை, திடீரென்று கழித்தல், கழித்தல், கழித்தல் என்று ஓடும். சம்பளம் எந்த மாதம் நின்றது என்பது அதைப் பார்த்தாலே ஏறக்குறைய தெரிந்துவிடும்.

குளிர் வேறு. முன்பெல்லாம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிப்பார்கள். ஐரோப்பாவோடு ஒத்துப்போக வேண்டும் என்று 2011-12-இல் மாற்றினார்கள். மாறுவதற்காகவே அந்த ஒரு சீசனை ஒன்றேகால் வருடம் இழுத்து, பிரீமியர் லீக்கில் ஒவ்வொரு அணியும் 44 ஆட்டம் ஆடியது. மாஸ்கோவில் உட்கார்ந்து போட்ட திட்டம், சைபீரியாக்காரர்கள் பனியை வழித்துக்கொண்டிருந்தார்கள். 2023-இல் இரண்டாவது லீக்கை ஏ, பி என்று பிரித்தபோது பி பிரிவு பழையபடி வசந்தம் முதல் இலையுதிர் வரைக்குத் திரும்பிவிட்டது. ஏ பிரிவில் தங்கக் குழு, வெள்ளிக் குழு என்று ஒரு ஏற்பாடு, அதை விளக்கத் தொடங்கினால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள்.

பெரிய பேர் உள்ளவர்களுக்கும் இந்தக் கதி வரும். மாஸ்கோ டார்பிடோ மூன்று முறை சோவியத் சாம்பியன், சோவியத் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் ஸ்ட்ரெல்ட்சோவ் ஆடிய அணி. ஜில் லாரி ஆலையின் அணி. 1996-இல் ஆலை அதை லுஷ்னிகி மைதான நிர்வாகத்துக்கு விற்றது. விற்றபின் மனசு கேட்காமல் ஆலையே இன்னொரு டார்பிடோவைக் கீழிருந்து தொடங்கியது, அது கைமாறி எஃப்சி மாஸ்கோ என்று ஆனது. அசல் டார்பிடோ இறங்கி இறங்கி 2009-இல் அமெச்சூர் லீக்குக்கே போய்விட்டது. எஃப்சி மாஸ்கோ அப்போது பிரீமியர் லீக்கில். அடுத்த பிப்ரவரியில் அவர்களுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த நோரில்ஸ்க் நிக்கல் நிறுவனம் கையை விரித்துவிட்டது, அவர்களும் பிரீமியர் லீக்கை விட்டு விலகினார்கள். டார்பிடோ 2010-இல் மத்திய மண்டலத்தை ஜெயித்து மேலே ஏறத் தொடங்கியது, 2014-இல் பிரீமியர் லீக்கைத் தொட்டது, மறு ஆண்டே மறுபடி கீழே. இன்றைக்கும் அவர்கள் ரசிகர்களிடம் பேசினால், தெருவோர மைதானங்களில் ஆடிய அந்த 2009-ஐத்தான் பெருமையாக எடுப்பார்கள் என்று நினைக்கிறேன், நானாக இருந்தால் எடுப்பேன்.

எதற்குப் பார்க்கிறேன் என்று கேட்டீர்கள். முதலில், வசதி. கபரோவ்ஸ்கில் மதியம் 2 மணி ஆட்டம் நமக்குக் காலை ஒன்பதரை, சமையலுக்கு முன் முடிந்துவிடும். ஒரே ஒரு கேமரா, நடுக்கோட்டு உயரத்தில். கமெண்டரி இல்லாத நாளில் மைக்கில் காற்றுச் சத்தமும் கோல்கீப்பர் தன் டிஃபெண்டர்களைத் திட்டுவதும் மட்டும் கேட்கும். பந்து வேலிக்கு அப்பால் போனால் மேல்சட்டை போட்ட மாற்று ஆட்டக்காரரே மைதானத்தைச் சுற்றியுள்ள ஓட்டப்பந்தயத் தடத்தைத் தாண்டிப் போய் எடுத்து வருவார், அதுவரை எல்லாரும் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். இங்கிலீஷ் பிரீமியர் லீக்கில் எனக்கு இந்த நேரம் கிடைப்பதில்லை, அங்கே பந்து போன நொடியில் இன்னொரு பந்து வந்துவிடுகிறது.

அப்புறம் மகனுக்கு அணி. ஓம்ஸ்கின் இர்திஷைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர், பிரீமியர் லீக்கில் ஒரு நாள் கூட ஆடியதில்லை, ஆனாலும் கிளப்பை மூடவில்லை. பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் தொடங்கட்டும், அதற்கு முன்னால் வேண்டாம்.