ஃபெல்ட் பொம்மை தைப்பவர்களின் கேள்விகள்

நவராத்திரி நெருங்கும்போது ஃபெல்ட் (நெய்யாமல், இழைகளை ஒன்றோடொன்று பின்னிச் செய்த துணி) பொம்மை பற்றிய கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். 'எந்த மிருகம் தைக்கலாம்?' என்றுதான் பாதிப் பேர் ஆரம்பிக்கிறார்கள். யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். கைக்குழந்தைக்கா, பள்ளி போகும் பிள்ளைக்கா, மேஜையில் வைத்து அழகு பார்க்கும் தோழிக்கா? துணி, கண், பஞ்சு எல்லாமே அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவாகும். இந்த முறை வந்த கேள்விகளில் சில இங்கே.

ஸ்டேஷனரி கடையில் ஏ4 அளவில் வாங்கிய ஃபெல்ட் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது. இதில் பொம்மை தைக்கலாமா?

வேண்டாம். அது வாழ்த்து அட்டை, சுவர் அலங்காரம் போன்றவற்றுக்கானது. காது, வால் மாதிரி சின்ன வளைவுகளில் அது மடங்காது. ஊசியும் சுலபமாக இறங்காது. கடையில் 'சாஃப்ட் ஃபெல்ட்' என்று கேளுங்கள். 1 மி.மீ. முதல் 1.5 மி.மீ. வரை தடிமன் போதும். வாங்கும் முன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அங்கங்கே மெலிந்து வெளிச்சம் கசிந்தால் அந்தத் தாளை விட்டுவிடுங்கள், பஞ்சு அடைக்கும்போது அந்த இடம்தான் இழுபடும்.

நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக். முள் ஊசிகளால் குத்திக் குத்தி இழைகளைப் பின்னியிருப்பார்கள். கம்பளி ஃபெல்ட் வேறு. சூடு, ஈரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்து கம்பளி இழைகளின் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் உருவாவது. தையல் அதில் அழகாகப் பதியும், விலையும் அதிகம். முதல் பொம்மைக்கு பாலியஸ்டரே போதும்.

அக்கா பையனுக்கு ஒன்றரை வயது. நாய்க்குட்டிக்குக் கண்ணாகக் கருப்பு மணி வைத்துத் தைக்கலாமா? இரட்டை நூலில் இறுக்கமாகத் தைத்துவிடுவேன்.

எவ்வளவு இறுக்கமாகத் தைத்தாலும் வேண்டாம். அந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும். நூல் அறாவிட்டாலும், சுற்றியிருக்கும் ஃபெல்ட் பிய்ந்து மணியோடு கழன்று வரும். 'சேஃப்டி ஐ' என்று விற்கும் பிளாஸ்டிக் கண்களுக்கும் இதே பிரச்சினை: ஃபெல்ட்டில் போட்ட துளை நாளாக நாளாகப் பெரிதாகி, பின்பக்க வாஷரோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு குழாய் வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து என்று கணக்கு. மணி மட்டுமல்ல, பட்டன், சலங்கை, கழுத்து ரிப்பன் எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

கண்ணை நூலிலேயே போடுங்கள், அதுதான் அழகும்கூட. பஞ்சு அடைத்து முடித்த பிறகு போடுவது நல்லது, ஏனென்றால் அடைத்ததும் முகத்தின் வடிவமே மாறிவிடும். கொண்டை உள்ள குண்டூசி இரண்டைக் கண் இருக்க வேண்டிய இடத்தில் குத்தி, தள்ளி நின்று பாருங்கள். சற்றுக் கீழேயும் அகலமாகவும் வைத்தால் குட்டி மாதிரி இருக்கும். மேலே நெருக்கி வைத்தால் வயதான முகம் வந்துவிடும். இடம் முடிவானதும், காதுக்கு அடியில் உள்ள தையல் இடுக்கில் ஊசியை நுழைத்து, கண் இருக்கும் இடத்தில் வெளியே எடுங்கள். மூன்று இழைக் கருப்பு எம்பிராய்டரி நூலில் நெருக்க நெருக்கமாக ஒரு சின்ன வட்டம் நிரப்புங்கள். திரும்பக் காதடிக்கே கொண்டுபோய் லேசாக இழுத்தால் கண் கொஞ்சம் உள்வாங்கி முகத்துக்கு உருவம் வரும். முடிச்சையும் அங்கேயே மறைத்துவிடலாம். கடைசியாக, கருப்பின் மேல் ஓரத்தில் வெள்ளை நூலால் ஒரே ஒரு புள்ளி. அதுவரை வெறித்துக்கொண்டிருந்த நாய்க்குட்டி அப்போதுதான் உங்களைப் பார்க்கும்.

அப்புறம், குண்டூசிகளை எண்ணித் திரும்ப எடுத்து வையுங்கள்.

துணி ஓரத்தைக் கண்ணி கண்ணியாகப் பிடித்துத் தைக்கும் பிளாங்கெட் தையல் போடுகிறேன். துணி அலை அலையாகச் சுருங்குகிறது, சில இடங்களில் பஞ்சும் எட்டிப் பார்க்கிறது.

நூலை அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்பது சுருக்கத்திலேயே தெரிகிறது. நூல் ஓரத்தில் படிந்து உட்கார்ந்தால் போதும், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். ஆழம் 3 மி.மீ., இடைவெளி 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு தெரிகிற இடம் பெரும்பாலும் வெளிப்பக்க வளைவாக இருக்கும். அங்கே இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். காது நுனி போன்ற கூர்மையில் ஒரே துளையிலிருந்து மூன்று தையல் போடுங்கள்.

எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும்; இதற்கு இரண்டு போதும். இரண்டையும் சேர்த்து உருவாமல், ஒவ்வொன்றாக உருவிப் பிறகு சேர்த்தால் சிக்கு விழாது.

நான்கு கால் யானை தைத்தேன். நிற்க மாட்டேன் என்கிறது. ஒன்று சரிகிறது, இல்லாவிட்டால் கால் அகட்டிப் படுத்துவிடுகிறது.

இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் ஃபெல்ட் பொம்மை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது யானைதான். ஜெர்மனியின் கீங்கன் ஊரில் மார்கரெட் ஸ்டைஃப் 1880 வாக்கில் தைத்த ஃபெல்ட் யானை, உண்மையில் குண்டூசி குத்தி வைக்கும் மெத்தை. பரிசாகக் கொடுத்ததைக் குழந்தைகள் எடுத்து விளையாடத் தொடங்க, பொம்மைத் தொழிலே அதிலிருந்து வளர்ந்தது. சிறு வயதில் வந்த போலியோவால் நடக்க முடியாமல், வலது கையையும் சிரமப்பட்டே அசைத்த பெண் அவர்.

சரி, உங்கள் யானைக்கு வருவோம். நிற்பதும் விழுவதும் வயிற்றுத் துண்டைப் பொறுத்தது. அது பக்கவாட்டுத் துண்டின் கீழ்ப் பாதி மாதிரியே, கால்களின் உள்பக்கத்தோடு வெட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டு முன்கால்களுக்கும் நடுவே அந்தத் துண்டு அகலமாக இருந்தால் கால் அகட்டும். ஒடுங்கியிருந்தால் பக்கவாட்டில் சாயும். 10 செ.மீ. உயர யானைக்கு 2 செ.மீ. நடு அகலத்தில் தொடங்கி, பழைய துணியில் ஒரு முறை தைத்துப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

பாதத்தை அப்படியே சேர்த்து மூடிவிடாமல், வட்டமாக ஒரு துண்டு வெட்டி அடியில் வைத்துத் தையுங்கள். அதற்குள் அட்டை வைக்கச் சிலர் சொல்வார்கள், துவைத்தால் ஊறிப்போகும். இன்னொரு சுற்று ஃபெல்ட் வைத்தாலே தட்டையாக நிற்கும். உடம்பை மூடும் முன் நான்கு கால்களையும் தனித்தனியாக அடையுங்கள். சுண்டுவிரல் நகம் அளவு பஞ்சாகப் பிய்த்து, பெயின்ட் பிரஷ்ஷின் பின்முனையால் தள்ளித் தள்ளி, அழுத்தினால் அமுங்காத அளவுக்கு. உடம்பு கொஞ்சம் மெத்தென்று இருக்கலாம், கால் இருக்கக் கூடாது.

வீட்டில் இலவம்பஞ்சு நிறைய இருக்கிறது. அதையே அடைக்கலாமா?

தலையணைக்கு அதை மிஞ்ச வேறு கிடையாது. ஆனால் இலவம் இழை குட்டையானது, வழுக்கும். கைத்தையலின் இடுக்கு வழியே பறந்து வெளியே வரும். குழந்தையின் மூக்குக்கு நல்லதல்ல. சாதாரணப் பருத்திப் பஞ்சு துவைத்ததும் கட்டி கட்டியாகிவிடும். மெத்தைக் கடையில் பாலியஸ்டர் பஞ்சு கேட்டு வாங்குங்கள்.

தைத்த பொம்மையைத் துவைக்கலாமா?

பாலியஸ்டர் என்றால் பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, பிழியாமல் துண்டில் வைத்து அழுத்தி, நிழலில் காய வையுங்கள். கம்பளி ஃபெல்ட்டை வெந்நீரில் போட்டால் சுருங்கிவிடும். அடர் சிவப்புத் துணியை வெட்டும் முன்பே ஒரு மூலையை நனைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கொலுவுக்கு வருகிற பெண் குழந்தைகளுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க முப்பது பொம்மை வேண்டும். ஒரு மாதம்தான் இருக்கிறது.

கிளி தையுங்கள். இரண்டு பக்கத் துண்டு, ஒரு சிறகு, சிவப்பு மூக்கு, அவ்வளவுதான். வயிற்றுத் துண்டு கிடையாது, நிற்க வேண்டியதும் இல்லை. முதல் வாரம் வெட்டுவது மட்டும். அட்டையில் வடிவம் வெட்டி, தேய்ந்த சோப்புத் துண்டின் கூர்முனையால் வரையுங்கள். பேனா வேண்டாம், கோடு வெளியே தெரியும். இரண்டு அடுக்குக்கு மேல் சேர்த்து வெட்டாதீர்கள், அடியில் உள்ளது நகர்ந்து அளவு மாறிவிடும். வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல் துணியைத் திருப்புங்கள்.

பரிசாகக் கொடுத்ததைப் பார்த்து, விலைக்குக் கேட்கிறார்கள்.

பரிசு வேறு, விற்பனை வேறு. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. எனவே முதலில் அந்தப் பதிவைப் பற்றி விசாரியுங்கள், பிறகு ஆர்டர் எடுங்கள்.

அம்மாவுக்கு 68 வயது. பேத்திக்கு முயல் தைத்துக் கொடுக்க ஆசை. ஊசியில் நூல் கோக்கவே கஷ்டப்படுகிறார்.

ஊசி எண் குறையக் குறையத் தடிமன் கூடும், காதும் பெரிதாகும். 5ஆம் எண் எம்பிராய்டரி ஊசி வாங்கிக் கொடுங்கள். காலையில் நீங்கள் வெளியே கிளம்பும் முன் ஏழெட்டு ஊசிகளில் நூல் கோத்து, ஊசி குத்தும் சின்ன மெத்தையில் குத்தி வைத்துவிட்டால், அன்றைக்கு முழுக்க அவர் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. முயலை 15 செ.மீ. அளவுக்குப் பெரிதாகவே வரைந்து கொடுங்கள், சின்ன வளைவுகள் விரலை வலிக்கச் செய்யும். வெளிர் நிற ஃபெல்ட், அதற்கு எடுப்பான அடர் நிற நூல். கருப்புத் துணி மட்டும் வேண்டாம், பகல் வெளிச்சத்திலேயே அதில் தையல் தெரியாது.