கடிவாள வாரைப் பிடித்தால் கை விறைக்கிறது, என்ன செய்வது?

செங்காங்கிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “42 வயதில் குதிரையேற்றம் பழகத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. ஏறி உட்கார்ந்ததுமே கை விறைத்துவிடுகிறது. ‘கையைத் தளர்த்துங்கள்’ என்று பயிற்சியாளர் சொல்லச் சொல்ல இன்னும் இறுகுகிறது. வழி உண்டா?”

உண்டு. பேருந்து திடீரென்று பிரேக் போட்டால் கம்பியை எட்டிப் பிடிக்கிறோமே, அதே கைதான் இது. அதட்டினால் கேட்காது. பிடித்துக்கொள்ள வேறொன்றைக் கொடுங்கள். குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு தோல் வார் கட்டித் தரச் சொல்லுங்கள். புதிதாகப் பழகுபவர்களுக்கு இது வழக்கம்தான், கூச்சமே வேண்டாம். தடுமாறும்போது ஒரு விரலை அதில் மாட்டிக்கொண்டால் உங்கள் எடை குதிரையின் வாயில் விழாது.

அந்த வாயை நினைத்துப் பாருங்கள். கடிவாள இரும்பு கிடப்பது முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, பல்லே இல்லாத இடத்தில். அங்கே எலும்பின்மேல் மெல்லிய தோல்தான். விடாமல் இழுத்தால் குதிரை தலையைத் தூக்கும், எதிர்த்து இழுக்கும், சில சமயம் வேகமும் எடுக்கும். சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு பந்தயம் முடிந்துவிட்டது. ஆனாலும் முன்பு பந்தயத்தில் ஓடிய குதிரை உங்களுக்குக் கிடைக்கலாம். இழுக்கும் வார்மேல் சாய்ந்து ஓடியே பழகியது அது.

வார் நழுவிவிடுமோ என்ற பயத்திலும் பலர் முஷ்டி பிடிக்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்து வழுக்கத்தான் செய்யும். ரப்பர் பிடி உள்ள வாரும் மெல்லிய கையுறையும் உதவும். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே நுழைந்து வரும் வாரை, ஆட்காட்டி விரலின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நழுவாமல் காப்பது அந்தக் கட்டைவிரல்தான். மற்ற விரல்கள் மூடியிருந்தால் போதும், நசுக்க வேண்டாம். அதற்காக வாரைத் தொங்கவும் விடாதீர்கள். தொங்கும் வார் திடீரென்று விறைக்கும்போது குதிரையின் வாய் சுண்டி வலிக்கும்.

இனி முழங்கை. என் கணக்கில் பாதி விஷயம் இங்கேதான் இருக்கிறது. நடக்கும்போது குதிரை ஒவ்வோர் அடிக்கும் தலையை ஆட்டும். உங்கள் முழங்கை அதோடு விரிந்து மடங்க வேண்டும். டிராட்டில், அதாவது நடையைவிட வேகமான துள்ளோட்டத்தில், குதிரையின் தலை பெரும்பாலும் ஆடாது, எழுந்து உட்காருவது நீங்கள்தான். எழும்போது முழங்கை விரியாவிட்டால் கையும் மேலே போய் வாயை இழுக்கும்.

இதை வீட்டு வரவேற்பறையிலேயே பழகலாம். துப்பட்டாவின் இரு முனைகளையும் ஒருவர் பிடித்துக்கொண்டு முன்னே நடக்கட்டும், கையை நடைக்கேற்ப ஆட்டட்டும். நீங்கள் நடுப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள். என்னிடம் பழகிய ஒருவர் மகனோடு இதைச் செய்தார். நாலாவது சுற்றில் பையன் திரும்பிப் பார்த்து, “அம்மா, இப்பத்தான் நீங்க இழுக்கல” என்றான்.

அப்புறம், சேணத்தில் உடம்பு நிலைக்காதவரை கை தளராது. நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக விட்டு, நீங்கள் வாரையே தொடாமல் உட்கார இரண்டு மூன்று வகுப்பு கேளுங்கள். அடிகளை வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு அடைபடாது.